கூடுதலாக ஒரு சமையல்காரர்

ஆதெங்குக்குப் பசித்தது. எதிரே ஒரு மேசை நிறைய உணவு இருந்தது. அதைத் தொடக் கூடாது என்பதுதான் சிக்கல்.

ஆவிகள் உலவும் ஏழாம் மாதத்துப் படையல். தைப்பேயின் நெய்ஹு வட்டாரத்தில் கண்ணாடி போர்த்த ஒவ்வோர் அலுவலகத்தின் வாசலிலும் அன்று ஒரு மேசை போட்டிருந்தார்கள். அவித்த கோழி, ஆப்பிள், நூடுல்ஸ் பொட்டலங்கள், பீர் டின்கள். வந்து போகும் ஆவிகள் முகம் கழுவிக்கொள்ள ஒரு கிண்ணம் நீரும் புதுத் துண்டும். அவை உண்டு முடித்த பிறகே மனிதர்களுக்கு.

“ஆவிங்க எப்போ சாப்பிட்டு முடிப்பாங்க?” என்று காவலாளியிடம் கேட்டான் ஆதெங்.

“அஞ்சு மணிக்குத்தான் கும்பிடவே ஆரம்பிப்பாங்க.”

“அதுக்குள்ள நானே ஆவியாயிடுவேன். முதல் பந்தி எனக்குத்தான், சொல்லிவைங்க.”

“வாயை மூடு” என்றார் ஷுலான், திரும்பிப் பார்க்காமலே.

ஜியாங் ஷுலான் நெடுங்காலம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்து மேய்ந்தவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். ஆதெங் அவருடைய உதவியாளன். அதற்கு முன் டாக்சி ஓட்டியவன். ஒரு பயணிக்கு அரசியல் விளக்கிக்கொண்டிருந்தபோது நேர்ந்த விபத்தில் உரிமம் போயிற்று. விளக்கும் பழக்கம் போகவில்லை.

கண்ணாடிக் கதவு விலகியது. இயக்குநர் குவோ வெளியே வந்தார். கையில் ஊதுவத்திக் கட்டு. முகத்தில் அதற்கு உரிய சாந்தம் சிறிதும் இல்லை.

“துப்பறியற அம்மா நீங்கதானா? உங்கள இங்க யாரும் கூப்பிடல.”

“டுவான் நிங்யு கூப்பிட்டாங்க.”

“அவளே இங்க இருக்கப்போறது அஞ்சு மணி வரைக்கும்தான்.”

“அப்போ நானும் அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன். அவங்களுக்கு ஒரு வக்கீல் இருக்காரு, சார். நீங்க என்ன உள்ள விடலன்னா, ‘எதை மறைக்கறாங்க’ன்னு பத்திரிகைக்காரங்களக் கூட்டிட்டு வந்து இந்த மேசைக்கு முன்னாலயே கேப்பாரு.”

குவோ ஊதுவத்திக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“உள்ள வந்து பாக்கலாம். எதையும் தொடக் கூடாது. ஒரு பொத்தானைக் கூட. உங்க ஆளு எதையும் திங்கவும் கூடாது.”

“அது மட்டும் மனித உரிமை மீறல்” என்றான் ஆதெங்.

செங்யுவான் நிறுவனத்தின் தொழில் எளியது. ஆளில்லாப் பறக்கும் கருவிகள் மலைச் சரிவுகளை முறைவைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கும். மண் வெடித்திருக்கிறதா என்று அந்தப் படங்களைச் செங்யுவானின் நாற்பது சர்வர் கணினிகள் படிக்கும். வெடிப்பு தென்பட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு எச்சரிக்கை போகும். சென்ற மாத மழையில் நான்தோ மலைப்பகுதியில் ஒரு சரிவு இறங்கியது. தேயிலைக் கொட்டகை ஒன்று மண்ணுக்கடியில் போயிற்று. உள்ளேயிருந்த முதியவருக்கு ஒரு கால் போயிற்று. வெடிப்பைத் தெளிவாகக் காட்டிய படம் ஒன்று முந்தைய நாளே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் எச்சரிக்கை போகவில்லை.

‘ஏழாம் சர்வர்: முடிந்தது’ என்றது பதிவு. ஏழாம் சர்வரிலோ அந்தப் படத்தைப் படித்த சுவடே இல்லை. ஏழாம் சர்வர் நிங்யுவின் பொறுப்பு. ஆகவே அவள்தான் அழித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார் குவோ. ஐந்து மணிக்கு, படையலுக்கு ஊழியர் அனைவரும் கூடும்போது, அவள் பெயரைச் சொல்லிக் காவல்துறையிடம் ஒப்படைப்பதாக ஏற்பாடு. தீவு முழுவதும் அவளுக்கு வேறு எந்தக் கணினி நிறுவனமும் கதவைத் திறக்காது. ஒரு முதியவரின் காலைக் காவு வாங்கியவள் என்று அவள் சொந்த ஊரிலும் சொல்வார்கள். சிலர் சொல்லத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

*

மேல்மாடிக் கண்ணாடி அறையில் நிங்யு சுவரோரமாக உட்கார வைக்கப்பட்டிருந்தாள். மேசையின் மறுபக்கத்தில், விசைப்பலகையைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டு, பிரிவுத் தலைவர் பெங் இருந்தார், வெளிநாட்டில் படித்தவர், அதை முழங்கை மடிப்பில்கூடத் தெரியும்படி சட்டை அணிந்திருந்தார். சுவர்த் திரையில் நாற்பது வரிசைகள். ஒவ்வொரு சர்வரின் பெயருக்கு எதிரேயும் அது முடித்த வேலைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

“இவங்களுக்கு நான் விளக்கணுமா?” என்று குவோவிடம் கேட்டார் பெங். “செய்தி வரிசைன்னா என்னன்னு தெரியுமா மேடம்?”

“எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.”

ஆதெங் நிமிர்ந்தான். நேற்றிரவு நிங்யு சொன்னதை அவன் தன் வழியில் செரித்து வைத்திருந்தான்.

“மாட்டுக்கறி நூடுல்ஸ் கடை, சார். சமையலறையில நாப்பது சமையல்காரங்க. யாரு எதைச் சமைக்கணும்னு முதலாளி சொல்றதில்ல. வர்ற ஆர்டரையெல்லாம் சீட்டெழுதிக் கம்பியில மாட்டிவிடறாரு. கை காலியா இருக்கிறவன் அடுத்த சீட்ட உருவிக்கறான். அவனுக்கு முன்னால ஒருத்தன் சோம்பேறியா இருந்தாலும் கடை நிக்காது. ஒருத்தன் மயக்கம் போட்டு விழுந்தாலும் நிக்காது. சரியா?”

“குழந்தைக்குச் சொல்ற மாதிரி இருக்கு” என்றார் பெங்.

“நீங்க கேட்டதால அப்படிச் சொன்னேன்.”

நிங்யுவின் உதட்டோரம் அசைந்தது. பல நாட்களுக்குப் பின் அசைந்திருக்க வேண்டும், உடனே நின்றுவிட்டது.

“ஆக, சீட்டு போயிருக்கு. ‘சமைச்சாச்சு’ன்னு கடையில எழுதியிருக்கு. மேசைக்குக் கிண்ணம் வரல” என்றார் ஷுலான். “சமைச்சவங்க பேரு ஏழு. நிங்யு, நீங்க அந்தக் கிண்ணத்தத் தூக்கிக் கொட்டினீங்களா?”

“இல்ல.”

“அவ வேற என்ன சொல்லுவா?” என்றார் குவோ.

“ஏன் கொட்டணும், சார்? காரணம் ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“எம்மேல அவளுக்குக் கோவம். எல்லாக் கூட்டத்துலயும் எதிர்த்துப் பேசுவா. இந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கல. போதுமா?”

“எதுக்கு எதிர்த்துப் பேசினாங்க?”

குவோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷுலான் அந்தக் கேள்வியை மடித்து எங்கோ உள்ளே வைத்துக்கொள்வதை ஆதெங் கவனித்தான். பாக்கி வைத்த கேள்விகளை அவர் மறந்ததில்லை.

அவர் திரையின் அருகே போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பெங் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஆதெங். உன் கடையில ஒரு சமையல்காரன் மட்டும் மத்தவங்களப்போல ரெண்டு மடங்கு கிண்ணம் இறக்கினா என்ன நினைப்ப?”

“சம்பளம் ஏத்திக் குடுப்பேன். அப்புறம் சந்தேகப்படுவேன்.”

ஆதெங்கும் பார்த்தான். நாற்பது வரிசைகளில் முப்பத்தொன்பது, பள்ளியில் உயரவாரியாக நிற்க வைத்த பிள்ளைகளைப் போல ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தன. ஏழாம் வரிசை மட்டும் கூட்டத்துக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏழு புது இயந்திரம். வேகம் அதிகம்” என்றார் பெங்.

“இல்ல. நாப்பதும் ஒரே நாள்ல வந்தது. ஒரே மாதிரி” என்றாள் நிங்யு. “இதை நான் போன வாரமே சொன்னேன். ‘உன் சர்வர் நல்லா உழைக்குது, அதுக்கும் குறையா’ன்னு சிரிச்சீங்க, பெங் சார்.”

“உன்ன யாரும் கேக்கல” என்றார் குவோ.

“நான் கேக்கறேன், சார்” என்றார் ஷுலான். “ஒரே ஒரு உதவி. நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே தொடுங்க. ஏழாம் சர்வர நிறுத்துங்க.”

“ஏழாம் மாசத்துல ஓடற இயந்திரத்த நிறுத்தச் சொல்றீங்களா? உங்களுக்கு மூளை இருக்கா?”

“அது குற்றவாளியோட இயந்திரம்னு நீங்கதானே சொல்றீங்க. அதுக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?”

குவோவுக்கு வாதம் பிடிக்காது. தோற்பது அதைவிடப் பிடிக்காது. தொலைபேசியை எடுத்து இயந்திர அறைக் காவலரிடம் உறுமினார். “ஏழ நிறுத்து. ஆமா, ஏழுதான். கம்பியையே பிடுங்கு.”

சற்று நேரத்தில் மறுமுனையிலிருந்து குரல் வந்தது. பிடுங்கியாயிற்று.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

ஏழாம் வரிசையின் எண் நின்றது. குவோ வாயைத் திறந்தார்.

எண் ஒன்று கூடியது.

குவோ வாயை மூடினார். எண் மறுபடி கூடியது. முன்பிருந்த ஓட்டம் இல்லை. மற்றவற்றின் நடைக்கு இறங்கி, அமைதியாக, ஒழுங்காக, உயிரில்லாத சர்வர் ஒன்று வேலைகளை முடித்துக்கொண்டே போனது.

“கீழ மேசையில கோழி வச்சது வீண் போகல” என்றான் ஆதெங். “ஒருத்தரு வந்து வேலைக்கும் சேந்துட்டாரு.”

குவோ ஊதுவத்திக் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“ஆவி இல்ல, சார்” என்றார் ஷுலான். “உங்க சமையலறையில கூடுதலா ஒரு சமையல்காரர் இருக்காரு. ஏழுன்னு பேரை மட்டும் கடன் வாங்கியிருக்காரு. சீட்ட உருவறாரு, கிண்ணத்த வேற எங்கயோ கொண்டுபோறாரு. பதிவுல ஏழு மேல பழி. நிங்யுவோட ஏழு பாவம், அந்தப் படத்த கண்ணாலயே பாத்திருக்காது.”

முதலில் தேறியவர் பெங். “நல்ல கதை. வெளியிலேருந்து எவனோ உள்ள புகுந்திருக்கான். தடம் பிடிக்க ரெண்டு நாள் ஆகும்.”

“வெளியிலேருந்து இந்த வரிசைய யாராலயும் தொட முடியாது” என்றாள் நிங்யு. “உள்ள இருக்கிற கம்பி வழியாத்தான் முடியும். அந்த இயந்திரம் இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. எனக்கு விசைப்பலகையக் குடுங்க, இப்பவே கண்டுபிடிச்சுத் தர்றேன்.”

“கண்டுபிடிப்பியா, இல்ல அழிப்பியா?” பெங் விசைப்பலகையை இன்னும் சற்றுத் தன் பக்கம் இழுத்தார். “இயக்குநர் சார், அப்படி ஒரு இயந்திரம் இருந்தா, அதை வச்சதும் இவளாத்தான் இருக்கும். இயந்திர அறைச் சாவி யார்கிட்ட இருக்கு? இவகிட்ட. உங்ககிட்ட. எங்கிட்ட. நீங்களும் நானுமா வைப்போம்?”

குவோவின் முகம் தெளிந்தது. அச்சம் போய்ப் பழைய கோபம் தன் இடத்தில் வந்து அமர்ந்தது.

“அதானே! திருட்டு இயந்திரமும் வச்சிருக்கா. அஞ்சு மணிக்கு ரெண்டையும் சேத்துச் சொல்றேன்.”

நிங்யு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். உண்மை பாதி வெளியே வந்ததால் நிலைமை முழுதும் மோசமானதை ஆதெங் தன் டாக்சி நாட்களில் பலமுறை பார்த்திருக்கிறான். போக்குவரத்துக் காவலரிடம் ஒருபோதும் பாதி உண்மை சொல்லக் கூடாது.

“இயந்திர அறையப் பாக்கணும்” என்றார் ஷுலான். “எல்லாருமா போவோம். யாரும் பின்தங்க வேணாம். உங்களையுந்தான் சொல்றேன், பெங் சார்.”

*

இயந்திர அறையில் குளிர் பற்களைத் தேடி வந்தது. காற்றாடிகளின் இரைச்சலில் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. அங்கிருந்த மனநிலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

இரு பக்கமும் அடுக்குகள். ஒவ்வொரு சர்வரின் மேலும் ஒரு பச்சைப் பொட்டலம். தேங்காய்ப்பால் மணமுள்ள சோளப் பொரி. ‘சமர்த்தாக இரு’ என்று பொருள்படும் பெயர். தீவில் எந்தக் கணினிக்காரரும் அதை வைக்காமல் இயந்திரத்தை ஓடவிட மாட்டார். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் இயந்திரத்தின் விளக்கும் அந்த நிறத்துக்குப் போய்விடும். காலாவதி ஆவதற்குள் மாற்ற வேண்டும். செங்யுவானில் பொட்டலங்களைப் பெட்டி பெட்டியாக வாங்குபவர் குவோ. ஒவ்வொன்றிலும் தம் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் குத்தி, தம் கையாலேயே வைப்பார்.

“பெரிய ஆராய்ச்சிக்கூடம்” என்றார் பெங். “நான் படிச்ச இடத்துல இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க. சோளப் பொரியால ஓடற நிறுவனம்! நான் வாழ்க்கையில ஒரு பொட்டலம் வாங்கினதில்ல.”

“அதனாலதான் உங்க பிரிவு போன வருஷம் மூணு தடவ படுத்துச்சு” என்றார் குவோ. இந்த ஒரு விஷயத்தில் அவர் யாருக்கும் பணிவதில்லை.

ஷுலான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். தொடவில்லை. நாற்பதையும் கடந்து, கடைசி மூலையில் நின்றார். அங்கே ஓர் அடுக்கு தனியே இருந்தது. ஆறு பழைய சர்வர்கள். விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன.

“இது?”

“ஓய்வு குடுத்தாச்சு” என்றார் குவோ. “போன வருஷமே. அகற்ற நல்ல நாள் அமையல. இப்போ ஏழாம் மாசம் வேற. எதையும் பெயர்க்கக் கூடாது.”

“மின்சாரம் மட்டும் போகுது?”

“எரியற விளக்க யாரு அணைக்கறது? அணைச்சு, அதனால வேற ஒன்னு படுத்துட்டா?”

இது மூடநம்பிக்கையா தொழில்நுட்பமா என்று ஆதெங்கால் பிரித்தறிய முடியவில்லை. அந்த அறையில் யாராலும் முடிந்திருக்காது.

ஷுலான் குனிந்து பார்த்தார். ஆதெங்கும் குனிந்தான். ஆறு சர்வர்கள், ஆறு பொட்டலங்கள். ஐந்தின் மேல் தூசி. பச்சை வெளுத்து, குவோவின் முத்திரை பழுப்பேறி, உள்ளேயிருந்த பொரி மாவாகிக் கிடந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கு யார் புதுப்பொட்டலம் வாங்குவார்?

ஆறாவது, அடியிலிருந்தது, தளதளவென்று இருந்தது. பொட்டலம் காற்றடைத்த தலையணையாகப் பூரித்திருந்தது. காலாவதிக்கு இன்னும் பல மாதங்கள். முத்திரை இல்லை.

ஷுலான் நிமிர்ந்தார். அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆதெங்கை மட்டும் பார்த்தார்.

“உனக்குப் பசிக்குதுன்னு சொன்னியே.”

ஆதெங்குக்கு ஒரு கணம் புரியவில்லை, மறுகணம் புரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பசியும் கடமையும் ஒரே திசையில் போயின.

“இயக்குநர் சார்!” என்று கத்தினான். “மேசையில இருக்கிறது ஆவிங்களுக்கு. ஓடற சர்வர் மேல இருக்கிறது சர்வருக்கு. இந்தச் செத்த இயந்திரங்களோடத நான் திங்கலாமா?”

குவோ தோளைக் குலுக்கினார். “தின்னுத் தொலை. வயித்துக்கு ஏதாவது ஆனா நிறுவனம் பொறுப்பில்ல.”

ஆதெங் மேலடுக்கிலிருந்த பழைய பொட்டலத்தை எடுத்தான். பெங் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதெங் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தான். முகம் சுளித்து, திருப்பி வைத்தான். இரண்டாவதை எடுத்து முகர்ந்து பார்த்தான், அதையும் வைத்தான். பெங் சிரித்தார்.

“ஆ, இது புதுசு” என்று அடியிலிருந்ததை எடுத்து, இரு கட்டைவிரல்களாலும் வாயைப் பிடித்துக் கிழிக்கப்போனான்.

“எடுக்காதே!”

இரைச்சலுக்கு மேலே எழுந்த அந்தக் கூச்சல் குவோவுடையது அன்று. பெங் பாய்ந்து வந்தார். வரும் வேகத்தில் கைக்குட்டை விழுந்தது. ஆதெங்கின் மணிக்கட்டைப் பிடித்து, பொட்டலத்தைப் பறித்து, அதே இயந்திரத்தின் மேல், அதே இடத்தில், முகப்பு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தார். வைத்த பிறகுதான் தாம் செய்தது என்ன என்பது அவருக்கே தெரிந்தது. கையை எடுக்க மறந்து அப்படியே குனிந்து நின்றார்.

“வாழ்க்கையில ஒரு பொட்டலம் வாங்காதவரு” என்றார் ஷுலான். அவர் கத்தவில்லை; ஆயினும் அனைவருக்கும் கேட்டது. “நம்புற மனுஷன் செத்த இயந்திரத்தப் பத்திக் கவலையே படல, தின்னுன்னு சொல்லிட்டாரு. நம்பாத மனுஷன் பாய்ஞ்சு வர்றாரு. ஏன்னா, இது சாகலன்னு அவருக்கு மட்டும் தெரியும்.”

“நான்... அது... சுகாதாரம்...”

“மேல ரெண்ட முகர்ந்தப்போ என் சுகாதாரம் உங்களுக்கு உறைக்கல” என்றான் ஆதெங், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.

குவோ மெல்ல நடந்து வந்தார். பொட்டலத்தைக் கூர்ந்து பார்த்தார். தம் முத்திரை இல்லாத பொட்டலம் தம் கூரைக்கடியில் இருந்தது என்பதே அவரை முதலில் சுட்டதாகத் தெரிந்தது.

“நிங்யு” என்றார், அவளைப் பார்க்காமல். “பாரு.”

சுவரோரம் இருந்த சிறு மேசையில் அவள் உட்கார்ந்தாள். விரல்கள் ஓடின. சற்று நேரத்தில் திரையைத் திருப்பிக் காட்டினாள். அடியிலிருந்த பழைய சர்வர் தன் பெயரை ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் மலைச் சரிவுகளின் படங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன.

“யாருக்கு வித்தீங்க?” என்றார் ஷுலான்.

பெங் நிமிர்ந்தார். சட்டை மடிப்புகளைச் சரி செய்தார். “நிலத் தரகர் ஒருத்தர். எந்தச் சரிவு நிக்கும், எது இறங்கும்னு மாவட்டத்துக்கு முன்னால தெரிஞ்சா அவருக்கு லாபம். நான் எதையும் திருடல. எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்.”

“எட்டிப் பாத்துத்தான் அந்தப் பெரியவரோட காலை எடுத்தீங்களா?” என்றாள் நிங்யு.

“அதுக்கு நான் பொறுப்பில்ல!” முதன்முறையாக அவர் குரலில் உண்மையான ஆத்திரம் இருந்தது. “என் இயந்திரம் சீட்ட எடுக்கும். படத்த நகல் எடுக்கும். அப்புறம் வாயத் திறக்காது. ‘முடிஞ்சது’ன்னு யாரும் சொல்லலன்னா வரிசை கொஞ்ச நேரம் பாக்கும்; எடுத்தவன் செத்துட்டான்னு நினைச்சு அதே சீட்ட வேற ஒருத்தருக்குக் குடுக்கும். அவர் படிச்சிடுவாரு. ஒரு வருஷமா இப்படித்தான் ஓடுச்சு. ஒரே ஒரு படம் தொலைஞ்சிருக்கா? கேளுங்க! தொலைய ஆரம்பிச்சது எப்போன்னு இவரக் கேளுங்க!”

அவர் விரல் குவோவை நோக்கி இருந்தது.

“வேகம் பத்தலன்னு மழைக்கு முன்னால உத்தரவு போட்டது யாரு? ‘முடிச்சதும் சொல்லுன்னு காத்திருக்காதே, சீட்டக் கையில குடுத்த உடனே முடிஞ்சதுன்னு எழுதிடு’ன்னு சொன்னது யாரு? அன்னிலேருந்து நான் எடுத்த சீட்டு ஒன்னுகூட வரிசைக்குத் திரும்பிப் போகல. எனக்கே அது அப்புறந்தான் தெரியும்.”

“தெரிஞ்சும் நிறுத்தல” என்றார் ஷுலான்.

பெங் குனிந்து, விழுந்த கைக்குட்டையை எடுத்தார்.

ஷுலான் குவோவின் பக்கம் திரும்பினார். மேல்மாடியில் மடித்து வைத்த கேள்வி இப்போது பிரிந்தது. “கூட்டத்துல நிங்யு எதை எதிர்த்துப் பேசினாங்கன்னு கேட்டேன். நீங்க கடிகாரத்தப் பாத்தீங்க.”

“இதைத்தான்” என்றாள் நிங்யு. “சமைக்கிறதுக்கு முன்னாலயே சமைச்சாச்சுன்னு எழுதினா, நடுவுல எவன் விழுந்தாலும் நமக்குத் தெரியாதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். ‘என் சர்வருங்க விழாது’ன்னாரு. பொட்டலத்தக் காட்டி.”

குவோ தம் நாற்பது பச்சைப் பொட்டலங்களையும் பார்த்தார். எல்லாம் சமர்த்தாக இருந்தன.

“பாரும்மா, நிங்யு” என்றார் கடைசியில். குரலில் திடீரென்று ஒரு தகப்பனார் முளைத்திருந்தார். “தப்பு நடந்துபோச்சு. பெங்கை நான் பாத்துக்கறேன். நீ நாளைக்கே வேலைக்கு வா. பதவி உயர்வும் பேசலாம். அந்த உத்தரவு விஷயம்... அது உள் விவகாரம்.”

நிங்யுவின் விரல்கள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன.

“என்ன பண்ற?”

“இதுக்குள்ள கிடக்கிற படங்கள யாருமே படிக்கல. மறுபடி வரிசையில போடறேன். முடிச்சாத்தான் முடிஞ்சதுன்னு எழுதும்படி மாத்திட்டேன்.”

“எங்கிட்ட அனுமதி கேக்காம...”

“நாளைக்குப் புயல் வருது, சார்.”

சீட்டுகள் வரிசையில் ஏறின. உண்மையான சர்வர்கள் ஒவ்வொன்றாக அவற்றை உருவிக்கொண்டன. பச்சை, பச்சை, பச்சை என்று விடைகள் வந்தன. ஆதெங் எண்ணுவதை நிறுத்திய பிறகு, ஒன்று சிவப்பாக வந்தது.

சரிவின் நடுவே, ஒரு கோவிலுக்கும் சில வீடுகளுக்கும் மேலே, மண் நீளவாட்டில் பிளந்திருந்தது. படம் எட்டு நாள் பழையது.

“மாவட்டத்துக்கு முறைப்படி நான் அனுப்பறேன்” என்றார் குவோ. “முதல்ல சட்டப் பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

நிங்யு தன் கைபேசியில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள். “ஷுவாங்கெங் ஊர்த் தலைவரா? ஐயா, நான் செங்யுவான்லேருந்து டுவான் நிங்யு பேசறேன். ஆமா, பேரு அதேதான். செய்தியில வந்தவதான். திட்டறத அப்புறம் திட்டுங்க. கோவிலுக்குப் பின்னால இருக்கிற வீடுங்கள இன்னிக்கே காலி பண்ணச் சொல்லுங்க. நாளைக்கு வேணாம். இன்னிக்கே.”

மறுமுனையில் அவர் நெடுநேரம் கத்தினார். அவள் பொறுமையாகக் கேட்டாள், படத்தையும் அனுப்பினாள். கத்தல் நின்றது.

*

ஐந்து மணிக்கு ஊழியர்கள் வாசலில் கூடினார்கள். எல்லோர் கையிலும் புகையும் ஊதுவத்தி. நிங்யு உள்ளேயிருந்து வந்தபோது கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. மரியாதையால் அன்று, தொட்டுவிடாமல் இருக்க. ஒரு பெண் தன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். சாலையோரம் காவல்துறை வண்டி ஒன்று நின்றது. அழைத்தவர் குவோதான், காலையிலேயே அழைத்துவிட்டிருந்தார்.

பெங் காவலாளியின் பக்கத்தில் நின்றார். ஷுலான் மேசையின் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டியபடியே. ஆதெங் அவித்த கோழியை மிகக் கண்ணியமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குவோ மேசைக்கு முன்னே வந்து தொண்டையைச் செருமினார். “சரிவு விஷயத்துல குற்றவாளி யாருன்னு இன்னிக்குச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். விசாரிச்சதுல உண்மை தெரிஞ்சுபோச்சு. அவன் பேரு பெங் இகாய்.”

கூட்டம் சலசலத்தது. குவோ ஊதுவத்தியை உயர்த்திக் கண்களை மூடினார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்திருந்தது. முடிப்பதற்கு முன்பே ‘முடிந்தது’ என்று எழுதிவிடுவது அவருக்குக் கைவந்த பழக்கம்.

“சார்.”

நிங்யு முன்னால் வந்திருந்தாள். அவள் கையில் ஊதுவத்தி இல்லை. முத்திரையில்லாத பச்சைப் பொட்டலம் இருந்தது. அதைப் படையல் மேசையில், படையலுக்கென்று குவோ முத்திரை குத்தி அடுக்கியிருந்த பொரிப் பொட்டலங்களோடு, அருகருகே இருக்கும்படி வைத்தாள்.

“ஒரு பேரு சொல்லிட்டீங்க” என்றாள். “இன்னொன்னையும் சொல்லுங்க. எல்லாரும் காத்திருக்காங்க.”

வண்டியிலிருந்து இறங்கிய காவல் அதிகாரி நின்றார். ஊழியர்கள் நின்றார்கள். ஊதுவத்திச் சாம்பல் குவோவின் புறங்கையில் உதிர்ந்தது; அவர் கையை அசைக்கவில்லை.

“கோழி ஆறுது, சார்” என்றான் ஆதெங் மெதுவாக. “சீக்கிரம் சொல்லிடுங்க.”